நாயுடுபுரத்தில் நாற்பத்தோரு கல்

நாயுடுபுரம் என்றதும் பத்தில் ஒன்பது பேர் ஆந்திரா பக்கம் கையைக் காட்டுவார்கள். அது நாயுடுபேட்டை ஸார்! நான் சொல்வது கொடைக்கானல். ஏரியில் படகு விட்டு, பிரையண்ட் பூங்காவில் போட்டோ எடுத்து, கோக்கர்ஸ் வாக்கில் மக்காச்சோளம் கடித்துவிட்டு, சாக்லேட் பொட்டலத்தோடு பஸ் ஏறிவிடுகிறோமே, அதே கொடைக்கானலில் வில்பட்டி போகிற பக்கம் இருக்கிறது. டூரிஸ்ட் வேன்காரர்கள் இந்தப் பெயரை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். காரணம், இங்கே 'பாயின்ட்' எதுவும் கிடையாது. ஜனங்கள் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குடியிருப்பதிலும் ஒரு விசேஷம் உண்டு. சரிவு. ஒரு வீட்டு வாசல் அடுத்த வீட்டுக் கூரை மட்டத்தில் இருக்கும். காலையில் வாசலில் நின்று பல் தேய்க்கிறவர் கொஞ்சம் யோசித்துத்தான் கொப்பளிக்க வேண்டும். கோலம் போடுங்கள், கான்கிரீட் போடுங்கள்... உங்கள் வாசலில் நீங்கள் எது செய்தாலும் அது கீழ்வீட்டுக்காரர் சமாசாரமும் ஆகிவிடுகிறது.

இந்த ஊரில்தான் என் சித்தப்பா வாசல் போடக் கிளம்பினார்.

சித்தப்பா மதுரையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். சித்திக்கு அவள் அப்பா வழியில் வந்தது நாயுடுபுரம் வீடு. ஓட்டு வீடு, முன்னால் இரண்டு சென்ட் காலி இடம். போன புரட்டாசியில் எனக்குப் போன் வந்தது. "ஆயுத பூஜைக்கு லீவுதானே? கிளம்பி வா. வாசலை அமெரிக்கா மாதிரி பண்ணப் போறேன்."

அமெரிக்கா எங்கிருந்து வந்தது என்றால், ஒஹையோவிலிருந்து. அங்கே இருக்கும் மகள் (என் தங்கை) தன் வீட்டு முன்புறத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். வளைந்து போகும் கல் பாதை. இரண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்புமாய்ப் பந்து பந்தாகப் பூ. படியோரம் ஆரஞ்சு நிறத்தில் நாலு பூசணிக்காய். அமெரிக்காவில் இலை உதிர் காலம் வந்தால் தெருவுக்குத் தெரு இப்படி அலங்காரம் செய்துவிடுவார்களாம்.

போட்டோவைச் சித்தி மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது நம்ம சாமந்திங்க!" என்றாள்.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு. அமெரிக்கர்கள் 'மம்' என்று செல்லமாகக் கூப்பிடுவது கிரிஸான்திமம் என்கிற நம்ம சாமந்தியைத்தான். பகல் நேரம் குறையக் குறையத்தான் அது மொட்டு விடும். அதனால் ஒஹையோவிலும் அது அக்டோபர் பூ. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டிலும் ஆயுத பூஜைக்குக் குவிகிற பூ. பூசணிக்காய் விஷயத்தில்தான் கலாசாரம் வேறுபடுகிறது. அவர்கள் வாசற்படியில் அழகாக வைக்கிறார்கள். நாம் அதே மாதத்தில் நடுத்தெருவில் போட்டு உடைத்து, பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரை விழ வைக்கிறோம்.

நான் மதுரையிலிருந்து பஸ்ஸில் போனேன். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குக் காரில் போகிற வெளியூர்க்காரர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். பஸ் ஆசாமிகளுக்கு அந்தக் கவலை இல்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காதடைத்தது. வெள்ளி நீர்வீழ்ச்சி வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் இறங்கியபோது என் மதுரைச் சட்டை வெறும் பேப்பர் மாதிரி இருந்தது.

சித்தப்பாவின் திட்டம் தயாராக இருந்தது. வீட்டிலிருந்து கேட் வரை நேராகச் சிமென்ட் போட்டு, மேலே 'பேவர் பிளாக்' பதிப்பது. ஓரத்தில் தொட்டி. "ஒரே நாள்லே முடிச்சுடலாம்னு சொல்றான். கழுவி விட்டா பளிச்னு இருக்கும். பின்னாலே கார் வாங்கினாலும் நிறுத்திக்கலாம்."

"யாருக்குக் கார்?" என்றாள் சித்தி.

அந்த வாசலின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்ணையிலிருந்து இறங்கினால் தரை முன்னோக்கிச் சரிகிறது. சரிவின் அடியில் நாலடி உயரத்துக்குப் பழைய கல் கட்டு. அதை ஒட்டியே கீழே இன்னொரு வீட்டின் அடுப்படிச் சுவர். வலது மூலையில் கேட். கேட்டுக்கு வெளியே சந்து, சந்தோரம் சாக்கடை. மழை பெய்தால் தண்ணீர் கேட்டுக்கு எங்கே போகிறது? நேரே கல் கட்டுக்குத்தான் போகும், அதைத் தாண்டி அடுப்படிச் சுவருக்கு.

நான் ஆபீசில் கால்குலேட்டரோடு குடும்பம் நடத்துகிறவன். கணக்குப் போட்டேன். ஒரு சென்ட் என்பது சுமார் நாற்பது சதுர மீட்டர். இரண்டு சென்ட் நிலத்தில் ஒரே ராத்திரி 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் 4,000 லிட்டர். குடிதண்ணீர்க் கேன் கணக்கில் சொன்னால் இருநூறு கேன்! மண்ணாக இருந்தால் கொஞ்சமாவது குடிக்கும். சிமென்ட் ஒரு வாய்கூடக் குடிக்காது. கொடைக்கானலில் 5 சென்டிமீட்டர் ஒன்றும் அதிசயமில்லை. ஊட்டியில் தென்மேற்குப் பருவ மழைக்குப் பேர் என்றால், இங்கே ஐப்பசி, கார்த்திகைதான் கனத்த மாதங்கள். வடகிழக்குப் பருவ மழை தொடங்கும் வழக்கமான தேதி என்று வானிலைத் துறை வைத்திருப்பது அக்டோபர் 20.

சித்தப்பாவுக்குக் கணக்கு என்றால் உயிர். காகிதத்தை வாங்கி இரண்டு தரம் சரிபார்த்தார். தப்பு கிடைக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கணக்கு செய்யாததைக் கீழ்வீட்டு அப்பத்தா வந்து செய்தாள். எழுபத்தைந்து வயசிருக்கும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறி வந்தாள்.

"தம்பி, சிமிட்டி போடப் போறியாமே?"

"ஆமாங்க அப்பத்தா. வாசலைக் கொஞ்சம் சுத்தமா..."

"போடு. உன் இடம். ஆனா எங்க அடுப்படியை ஒருதரம் வந்து பாத்துட்டுப் போடு."

போய்ப் பார்த்தோம். அடுப்புக்கு மேலே கம்பில் கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. புகை படிந்து தவிட்டு நிறம். கொடைக்கானல் மலைப்பூண்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு அது. தாளோடு கட்டி, அடுப்புப் புகையில் தொங்கவிட்டுத்தான் இங்கே காலம் காலமாக வைத்திருப்பார்கள். மாசக்கணக்கில் கெடாது, புகை ஏறியதில் காரமும் மணமும் நிற்கும். அப்பத்தா வைத்திருந்தது விற்கிற பூண்டு இல்லை, விதைப்பூண்டு. பின்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பாசி பச்சையாக ஏறியிருந்தது. சுவரோரக் கொத்துகளில் இரண்டை எடுத்துப் பிதுக்கிக் காட்டினாள். உள்ளே கறுத்துப் பூஞ்சை.

"மண்ணா இருக்கறப்பவே இப்படி. சிமிட்டி போட்டா தண்ணி நேரா உலைக்கே வந்துடும்" என்றாள்.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. மேலே வந்ததும் பேவர் பிளாக்காரருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூடவே, "அமெரிக்காவிலே கல் பாதைதான். நாம அதையே போட்டுடலாம்" என்று என்னிடம் சொன்னார், ஏதோ ஆரம்பத்திலிருந்தே அதுதான் திட்டம் என்பது போல.

மறுநாள் மேஸ்திரி வந்தார். அறுபதைத் தொட்ட மனிதர். கூட ஒரு பையன், ஒரு கடப்பாரை, ஒரு சம்மட்டி, கொஞ்சம் நூல். வாசலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "நேராப் போடக் கூடாது சார். சாய்ச்சுத்தான் இழுக்கணும்" என்றார்.

மலையில் பாதையை நேராக இறக்கினால் அது பாதையாக இருக்காது, ஓடையாகிவிடும். தண்ணீருக்குக் குறுக்கே சாய்வாகக் கொண்டுபோனால், ஓடிவருகிற தண்ணீர் பாதையில் முட்டி வேகம் குறையும். பாதையின் மேல் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு ஆழமில்லாத வாய்க்கால். அதில் புல். வேகம் குறைந்த தண்ணீர் அந்த வாய்க்காலோடு நடந்து கேட் பக்கம் சாக்கடையில் இறங்கவேண்டியது. இதுதான் மேஸ்திரி திட்டம். உறிஞ்சு குழி வெட்டலாமா என்று கேட்டேன். "கல் கட்டுப் பக்கத்திலேயா? வேண்டவே வேண்டாம் தம்பி. கட்டுக்குப் பின்னாடி தண்ணி தேங்குச்சுன்னா வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்துடும். அந்தக் காலத்துக் கட்டு, இடுக்குல சாந்து இல்லே, அதான் கசியவிட்டு நிக்குது" என்றார். மலை ஊர்களில் மழைக்காலத்தில் சுவர் சரிந்த செய்தி படிக்கிறோமே, பல தடவை அதில் குற்றவாளி பின்னால் வழி கிடைக்காமல் தேங்கிய தண்ணீர்தான்.

கல்லுக்கு எங்கும் அலையவில்லை. பழைய வீடு ஒன்றை இடித்த இடத்திலிருந்து ஒரு லோடு வந்தது. வாசலைத் தோண்டியதில் கொஞ்சம் கிடைத்தது. பழனி மலையில் தோண்டினால் கல்லுக்கா பஞ்சம்? சித்தப்பா பளபளவென்று பாலிஷ் போட்ட கிரானைட் கேட்டார். மேஸ்திரி சிரித்துவிட்டார். "இந்த ஊர்ப் பனியிலே ஒரு மாசத்துல பாசி பிடிச்சிடும் சார். பாலிஷ் கல்லுல பாசின்னா நேரா எலும்பு டாக்டர்தான்." உடைத்த முகம் சொரசொரப்பாக இருக்கிற கருங்கல்தான் என்று முடிவானது.

கல் பாவுவதை நான் அதுவரை கிட்டே இருந்து பார்த்ததில்லை. ஆபீசில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுகிறபோது இன்றைக்கு என்ன செய்தோம் என்று கையை விரிக்கிறோமே, அந்தக் கைக்கு இது ஒரு நல்ல மருந்து. முதலில் முக்கால் அடி ஆழத்துக்குக் கறுப்பு மண்ணை வழித்து எடுத்தோம். அந்த மண்ணைத் தூக்கி எறியவில்லை. சித்தி அதைத் தங்கம் மாதிரி ஒரு பக்கம் குவித்து, சாக்கு போட்டு மூடினாள். அடியில் உடைகல் ஜல்லி நாலு அங்குலம் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்தோம். (இடித்தது நான். மறுநாள் டீ கிளாஸைத் தூக்க முடியவில்லை.) அதன்மேல் ஓர் அங்குலம் மணல். மணல்மேல் கல்.

கல்லை வைப்பதில்தான் வித்தை. பெரிய முகம் மேலே பார்க்க வேண்டும். கீழ் முகம் எப்படியும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். மணலைத் தள்ளி, எடுத்து, மறுபடி தள்ளி, கல் தானாக உட்காரும்வரை மேஸ்திரி விடமாட்டார். அப்புறம் அதன் நாலு மூலையிலும் ஏறி நிற்பார். லேசாக ஆடினாலும் கல் வெளியே வந்துவிடும். ஒரே கல்லை ஏழு தரம் எடுத்து வைத்ததைப் பார்த்தேன். சித்தப்பா பொறுமையிழந்து, "ஓரத்துல கொஞ்சம் சிமென்ட் வெச்சா நின்னுடுமே மேஸ்திரி?" என்றார்.

"நிக்கும் சார். மண்ணு இளகினா சிமிட்டி விரியும். அப்புறம் கல்லும் ஆடும், சிமிட்டியும் உடையும். சும்மா வெச்ச கல்லு ஆடுச்சுன்னா நீங்களே தூக்கி மணல் போட்டு வெச்சுக்கலாம். என்னைக் கூப்பிட வேண்டியதில்லே."

தன் பிழைப்புக்குத் தானே வேட்டு வைக்கிற மேஸ்திரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாந்தில்லாமல் கல் நிற்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இதே பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். கல்திட்டைகள் இருக்கின்றன. நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடு கல். இரும்புக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே ஐப்பசி மழை வாங்கியாகிவிட்டது. செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஆங்லேடும், நியூட்டன் என்பவரும் மலை மலையாக ஏறி இறங்கி இவற்றைப் பதிவு செய்தார்கள். அந்தப் புத்தகத்தை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. வெள்ளைக்காரர்கள் வந்துதான் கொடைக்கானலில் கல்லால் எதையும் கட்டினார்கள் என்று நினைக்கிறோம். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்து முதல் இரண்டு பங்களா கட்டியதும், 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஏரிக்கு அணை போட்டதும், 1872-ல் கோக்கர் மலை விளிம்பில் நடைபாதை போட்டதும் எல்லாம் நிஜம்தான். ஆனால் கல்மேல் கல் வைப்பதை இந்த மலைக்கு யாரும் கப்பலில் கொண்டு வரவில்லை.

படிகளுக்கு அளவு என்ன என்று கேட்டேன். "அரை அடி ஏத்தம், ஒரு அடி மிதி" என்றார் மேஸ்திரி. ஏற்றத்தை இரண்டால் பெருக்கி மிதியைக் கூட்டினால் இரண்டடி வரவேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பிளாண்டெல் என்ற கட்டடக் கலைஞர் விதி எழுதிவைத்தார். மனிதனின் நடை அளவை வைத்துச் சொன்ன விதி அது. பெருக்கிப் பாருங்கள், மேஸ்திரி சொன்னதும் அதேதான். ஆனால் கல்லுக்குக் கல் இடைவெளி எவ்வளவு என்று வந்தபோது பிளாண்டெல் உதவவில்லை. சித்தப்பா தன் காலால் அளந்து காட்டினார். மேஸ்திரி அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, "அம்மா, குடத்தோட ஒருதரம் நடந்து காட்டுங்க" என்றார். சித்தி புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு கேட் வரை நடந்தாள். பையன் அவள் கால் விழுந்த இடமெல்லாம் சுண்ணாம்பு வைத்துக்கொண்டே போனான். அங்கெல்லாம் கல் விழுந்தது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று.

அப்புறம் நடவு. சித்தப்பா ஒஹையோ போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, "டூலிப் நட்டா என்ன? இது நடற சீசன்தானே?" என்று ஆரம்பித்தார். அங்கே சீசன்தான். அந்த ஊர்களில் அக்டோபரில் வெயில் தணிந்துவிடும், மண்ணில் மட்டும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். அதற்குள் நட்டால் பனி விழுவதற்கு முன் வேர் பிடித்துவிடும். டூலிப் கிழங்குக்கு மூன்று நாலு மாசம் விடாத குளிர் வேண்டும். அப்போதுதான் வசந்தத்தில் பூக்கும். ஸ்ரீநகரில் 2007-ல் திறந்த டூலிப் தோட்டத்தில்கூட இலையுதிர் காலத்தில் நட்டு, ஏப்ரல் வாக்கில்தான் பூ பார்க்கிறார்கள். கொடைக்கானலிலோ தை மாசத்து ராத்திரியில் பள்ளத்தில் உறைபனி கொட்டினாலும், பகலில் வெயில் எட்டிப் பார்த்ததும் பதினைந்து டிகிரியைத் தாண்டிவிடும். டூலிப் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் நைட் ஷிஃப்ட் ஆசாமி மாதிரி ஆகிவிடும்.

அதற்காக இங்கே இலையுதிர் கால நடவே இல்லை என்று அர்த்தமில்லை. முதலில், இங்கே உதிர்கிற இலையே குறைவு. பேரி, பிளம்ஸ் மாதிரி வந்து குடியேறிய மரங்கள் உதிர்க்கும். சோலை மரங்கள் வருஷம் முழுக்கப் பச்சைதான். ஐப்பசி, கார்த்திகைக்குத் தமிழில் கூதிர் என்று தனிப் பெயரே இருக்கிறது. தொல்காப்பியர் குறிஞ்சி நிலத்துக்குப் பொழுது ஒதுக்கும்போது ஒதுக்கியது இந்தக் கூதிரையும் முன்பனியையும்தான். மலைக்கு உரிய காலம் என்று எப்போதோ சீட்டுக் குலுக்கி எழுதிவிட்டார்கள். வேர் பிடிக்க மழை, அப்புறம் பனி வருவதற்கு முன் ஒரு மாச அவகாசம். போட்டோவில் இருப்பதை நட வேண்டாம், இந்த மண் இந்த மாசத்தில் எதைக் கேட்கிறதோ அதை நட்டால் போதும் என்று சித்தி சொன்னாள்.

கொடைக்கானல் வாசல்களைப் பார்த்தால் ஐ.நா. சபை ஞாபகம் வரும். ஜப்பானிலிருந்து ஹைட்ரேஞ்சியா, தென்னாப்பிரிக்காவிலிருந்து அகபாந்தஸ், மெக்ஸிகோவிலிருந்து டேலியா, ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ். எல்லாருக்கும் விசா கொடுத்த மலை. சிலர் விசா முடிந்தும் போகமாட்டேன் என்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் குழல் குழலாகப் பூக்கும் செஸ்ட்ரம் மத்திய அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடி. வேலி தாண்டிச் சோலைக்குள் புகுந்து, அங்கே முளைக்கிற கன்றுகளை மூச்சுவிடாமல் மூடிவிடுகிறது. எங்கள் வாசல் ஓரத்திலும் ஒன்று இருந்தது. சித்தப்பா, "நல்லாப் பூக்குதே" என்று இழுத்தார். சித்தி அதை வேரோடு பிடுங்கி அடுப்புக்குப் போட்டாள்.

ஹைட்ரேஞ்சியா இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டோம். தலை பெரிசாக, நீலமாகப் பூக்கிற செடி. அதன் நீலத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது. மண் புளிப்பாக இருந்தால் அதிலுள்ள அலுமினியத்தை வேர் உறிஞ்சும், பூ நீலமாகும். சுண்ணாம்பு சேர்ந்தால் பூ ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும். கொடைக்கானல் மண் புளிப்பு மண். பக்கத்தில் சிமென்ட் தளம் போட்டு, அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்கினால் நீலம் மெல்ல வெளுக்கத் தொடங்கும். கொடைக்கானலில் நடக்கும்போது ஒரே தெருவில் ஒரு வீட்டில் நீலம், அடுத்த வீட்டில் ரோஸ் என்று பார்த்தால், தரையையும் ஒருதரம் பாருங்கள்.

கல் கட்டின் விளிம்பு நெடுக அகபாந்தஸ் பிரித்து நட்டோம். வேர் கற்றை கற்றையாக மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நிழல் பக்கம் பெரணி. கல் இடுக்குகளில் புல். அமெரிக்காவுக்குப் போட்டியாக திண்ணையோரம் மட்டும் ஒரு வரிசை சாமந்தி, அதுவும் நிலக்கோட்டைக்காரி கூடையில் கொண்டுவந்த நாற்று.

பாதையின் மேல் பக்கம் ஒரு பாத்தி காலியாக இருந்தது. அப்பத்தா படியேறி வந்தாள். முந்தானையில் விதைப்பூண்டு. பூஞ்சை பிடிக்காத கொத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. "ஐப்பசியில ஊன்றது. வாசல்ல பூ மட்டும் வெச்சு என்ன, குழம்புக்கு ஆகுமா?" என்றாள். ஒஹையோவில் டூலிப் கிழங்கு புதைக்கிற அதே வாரத்தில் நாயுடுபுரத்தில் பூண்டுப் பல் புதைத்தோம். தலை மேலே, வேர் கீழே, நாலு விரற்கடை இடைவெளி.

இன்னொன்றும் கொண்டுவந்திருந்தாள். ஒரு பழைய டால்டா டப்பாவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. குறிஞ்சி. 2018-ல் ஒரு தோட்டத்தில் பூத்துக் காய்ந்ததின் விதையில் வந்ததாம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, செத்துப்போகும். 1994, 2006, 2018... அடுத்தது 2030. நாயுடுபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. இலங்கைப் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட வெள்ளைக்காரப் பெண்மணி 1936-ல் கட்டிய கோயில். அங்கே நின்றால் வடக்கே பழனி தெரியும். அப்பத்தாவுக்கு அது ரெண்டாவது வீடு.

"நான் ஆறு பூ பாத்துட்டேன்" என்றாள் அப்பத்தா. 1958-ல் சின்னப் பிள்ளையாக ஒன்று. 1970-ல் கல்யாணமாகி வந்த வருஷம் ஒன்று. மற்றதை விரலில் எண்ணினாள். வருஷம் சொல்லவில்லை, யார் பிறந்தது, யார் போனது என்றுதான் சொன்னாள். எண்ணி முடித்ததும், "ஏழாவது பூவுக்குள்ளே உங்க சித்தப்பா இதைக் களைன்னு நினைச்சுப் பிடுங்காம இருக்கணும். அதான் கவலை" என்றாள். சித்தப்பா உடனே ஒரு குச்சி நட்டு, அட்டையில் '2030' என்று எழுதிக் கட்டினார். அக்கவுண்ட்ஸ்காரர் அல்லவா, மெச்சூரிட்டி தேதி போட்டுவிட்டார்.

சனிக்கிழமை ராத்திரி நான் மதுரை பஸ் ஏறினேன். கடைசிக் கல் அன்றைக்கு மத்தியானம்தான் உட்கார்ந்தது.

மழை பத்து நாள் கழித்து வந்தது. அன்றைக்குக் காலை ஆறு மணிக்குப் போன். எடுக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ராத்திரி பூராக் கொட்டு கொட்டுன்னு கொட்டிடுச்சுடா. டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். தண்ணி வாய்க்காலோட கேட்டுக்குப் போயிடுச்சு. கொஞ்சம் மண்ணும் போச்சு. மூணு கல் ஆடுது."

"அப்பத்தா வீடு?"

"இரு, அவங்களே நிக்கறாங்க, தர்றேன்."

அப்பத்தா போனில் கத்தித்தான் பேசுவாள். மலைக்கு மலை பேசுகிற பழக்கம். "சுவத்துல ஈரம் பாதிதான் இருக்கு பேராண்டி!"

"அப்ப மீதிப் பாதி?"

"அது என் வீட்டு ஓடு. ஒண்ணு உடைஞ்சு கெடக்கு, மூணு வருஷமாச்சு. அதையும் சேத்து உங்க சித்தப்பா தலையிலதான் போட்டுக்கிட்டு இருந்தேன்."

ஆடின மூன்று கல்லையும் சித்தப்பாவே தூக்கி, மணல் போட்டு உட்கார வைத்துவிட்டாராம். ஒவ்வொன்றின் மேலும் நாலு மூலையிலும் ஏறி நின்று பார்த்தாராம். அதை போட்டோ எடுத்து ஒஹையோவுக்கு அனுப்பியிருக்கிறார். 'அப்பா, சாமந்தி எங்கே?' என்று பதில் வந்திருக்கிறது. சாமந்தியைக் கார்த்திகை தீபத்துக்குச் சித்தி பறித்துவிட்டாள்.

பூண்டு முளைத்து ஒரு சாண் வந்துவிட்டது. மாசியில் பிடுங்க வேண்டுமாம். கீழ்வீட்டுக்குப் பாதி, மேல்வீட்டுக்குப் பாதி என்று பங்கு பேசியிருக்கிறார்கள். பிடுங்க ஆள் நான். லீவு லெட்டரில் காரணம் என்ன எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.